எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள்

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனால் முதலில் டிங்கி பரிசோதனை. இல்லை என்று வந்துவிட்டால், "வைரஸ் காய்ச்சல்தான்" என்று பெனடோல் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். என்ன வேலை, எந்தத் தண்ணீரில் இறங்கினார் என்று கேட்பவர் குறைவு. ஜொகூரின் கோத்தா திங்கி வட்டாரத்தில் தோட்டத்து டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்ற என்னால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அந்தக் காய்ச்சல் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டிய எல்லாமே இங்கே இருக்கின்றன. செம்பனைப் பழம் தின்று எலி பெருகுகிறது. அதன் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா கிருமி ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். முள் கீறிய கால் வழியே உடம்புக்குள் புகுந்துவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு அடுத்தடுத்து இரண்டு முறை ஊருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்ததும் வெறுங்காலோடு நின்று வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டியவர்கள் எத்தனை பேர்! அதன் பிறகு இந்த நோய் ஜொகூரில் தலைதூக்கியது. 2010-இல் பகாங்கின் லுபோக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடும் பணிக்குப் பிறகு எலிக்காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்ற இன்னொரு தொற்றும் சேர்ந்து பரவி உயிர்களைப் பறித்தன. அந்த ஆண்டு டிசம்பரில்தான் மலேசியாவில் எலிக்காய்ச்சல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது.

சிக்கல் பரிசோதனையில்தான் இருக்கிறது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனை, முதல் ஐந்தாறு நாளில் பெரும்பாலும் 'இல்லை' என்றே காட்டும். அந்த நாள்களில் கிருமியையே கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனை சிறு கிளினிக்குகளில் கிடையாது. ஆகவே ஆளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆடுசதையை லேசாக அமுக்கினாலே "ஐயோ" என்று காலை இழுத்துக்கொள்வார். கண் சிவந்திருக்கும், பீளை இருக்காது. எல்லோருக்கும் இப்படி வராது என்பதால்தான், "தம்பி, போன வாரம் எந்தத் தண்ணியில இறங்கின?" என்ற கேள்வி அவசியமாகிறது. சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் மருந்தைத் தொடங்க வேண்டும். லேசான நோய்க்கு டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். கர்ப்பிணிக்கும் சிறுபிள்ளைக்கும் வேறு மருந்து. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

கிளினிக்கில் பெயர் பதியும் சீட்டிலேயே தொழிலையும் தண்ணீர்த் தொடர்பையும் எழுத இரண்டு வரி வேண்டும். இன்று தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும். பூட்ஸும் கையுறையும் தோட்ட நிர்வாகத்தின் செலவு. அதைச் சம்பளத்தில் பிடிப்பது அநியாயம்.

எங்கள் ஊர் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கும் சொல்கிறேன். திரும்பிப் போய் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அருவியில் குளித்ததை நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.