இரவல் குரலில் ஓட்டுக் கேட்பவர்கள்

ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவதற்குப் பொய்ச்சாட்சி என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்தில் அதைச் செய்தவனை மறுநாள் எவரும் மதிப்பதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடிய தேர்தல் மேடையிலே, ஒரு பாடகரின் குரலை அவரைக் கேளாமலே ஒலிக்கவிட்டு, அவரும் நம் அணியில்தான் நிற்கிறார் என்ற எண்ணத்தை மக்கள் நெஞ்சில் விதைப்பதற்கு மட்டும் பிரசார உத்தி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அமெரிக்க நாட்டில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் இந்த அநியாயத்தைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம், "கட்டணம் கட்டித்தானே போடுகிறார்கள், பிறகென்ன குறை?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

1984 செப்டம்பரில், இரண்டாம் முறை அதிபராவதற்கு வாக்குக் கேட்டுக்கொண்டிருந்த ரொனால்டு ரீகன், நியூஜெர்சி மாநிலத்தின் ஹாமன்டன் என்ற ஊரில் பேசினார். அம்மாநிலத்துப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரைச் சொல்லி, அவருடைய பாடல்களில் நம்பிக்கையின் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். அவ்வாண்டு அந்நாடெங்கும் ஒலித்த 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' என்ற ஸ்பிரிங்ஸ்டீனின் பாடலோ, வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வந்து, வேலையும் ஆதரவும் இன்றி அலையும் ஒருவனின் குமுறலாகும். பல்லவியை மட்டும் கேட்பவருக்கு அது தேசப் பெருமிதம். சரணங்களைக் கேட்பவருக்கோ தேசத்தின் மீதே தொடுத்த வழக்கு. சில நாட்களுக்குள், அதிபர் தம் பாடல்களைக் கேட்டுத்தான் இருக்கிறாரா என்ற ஐயத்தைப் பிட்ஸ்பர்க் நகர மேடையில் பாடகரே எழுப்பினார்.

அன்று பெயரை மட்டும் இரவல் வாங்கினார்கள். பின்னர் குரலையே எடுத்துக்கொண்டார்கள். 2015 ஜூனில் டொனால்டு டிரம்ப் தாம் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்த நாளில், நீல் யங்கின் பாடல் முழங்கிற்று. வீடற்றோரின் துயரைச் சொல்லும் பாடல் அது. பாடகர் ஆட்சேபித்தார், 2020-ல் நீதிமன்றத்துக்கும் சென்று, அவ்வாண்டு இறுதியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதே 2020-ல் ஜான் ஃபோகர்ட்டியின் பாடலும் டிரம்பின் கூட்டத்தில் ஒலித்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் போர்ச் சேவையிலிருந்து தப்ப, ஏழை வீட்டுப் பிள்ளைகள் போர்க்களம் போவதைக் கண்டித்து 1969-ல் வந்த பாடல் அது. வியட்நாம் போர்க் காலத்தில் ஐந்து முறை கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றவரின் மேடையில் அது முழங்கியதென்றால், பாடியவர் எப்படிப் பொறுப்பார்?

இனிக் கட்டண வாதத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பொதுக்கூட்டத்தில் ஒரு பாடலை ஒலிக்கச் செய்பவர், பாடலை இயற்றியோரின் உரிமைகளை நிர்வகிக்கும் ஆஸ்காப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகளிடம் உரிமம் பெற வேண்டும். ஒரே உரிமத்தில் இலட்சக்கணக்கான பாடல்கள் அடங்கிவிடும். அதனாலேயே கட்சிக்காரர்கள், 'எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டோம்' என்கிறார்கள். ஆனால் அந்த அமைப்புகளே அரசியல் பிரசாரத்துக்கென வகுத்த உரிமத்தில், இயற்றியவர் ஆட்சேபித்தால் அவருடைய பாடலை நீக்கிவிடலாம் என்று விதி வைத்திருக்கின்றன. 2020-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அந்த விதியைத்தான் துணைக்கு அழைத்தார்கள். பணம் மட்டும் போதுமானால் இந்த விதி எதற்கு? ஓட்டலில் போடும் பாட்டு வேறு, ஓட்டுக்குப் போடும் பாட்டு வேறு என்பதை வியாபாரிகளே உணர்ந்திருக்கிறார்கள், தலைவர்கள் உணரவில்லை!

இந்த விதியும் இயற்றியவருக்கே உதவுகிறது. பிறர் எழுதிய பாடலுக்குக் குரல் மட்டும் தந்த பாடகருக்கு, கூட்டத்தில் ஒலிப்பதைத் தடுக்கும் பதிப்புரிமை அங்கே இல்லை. அவர் வேறு சட்டங்களின் வாசலைத் தட்ட வேண்டியிருக்கிறது. மக்கள் அடையாளம் காண்பதோ குரலைத்தான்! அந்தக் குரலுக்குரியவர் கைகட்டி நிற்க வேண்டுமாம். இது சட்டத்தின் ஓட்டையே தவிர நியாயத்தின் தீர்ப்பு ஆகாது.

ஒரு கட்சியை மட்டும் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். 'ஹோல்ட் ஆன், ஐ'ம் கமிங்' என்ற பழம்பாடலை 2008-ல் பராக் ஒபாமாவின் கூட்டங்களில் ஒலித்தார்கள். அதைப் பாடிய இருவரில் ஒருவரான சாம் மூர், தாம் எவருக்கும் ஆதரவு தெரிவிக்கவில்லை என்று கூறி, நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். அதே பாடல் டிரம்பின் கூட்டங்களிலும் ஒலித்தது. அதை இயற்றியோரில் ஒருவரான மறைந்த ஐசக் ஹேய்ஸின் குடும்பத்தார் 2024-ல் வழக்குத் தொடுத்து, அட்லாண்டா நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். பாடல் ஒன்று, கட்சிகள் இரண்டு, குற்றமும் ஒன்றே.

வழக்காடுவது வீண் என்பாருக்கும் சான்று உண்டு. 2008-ல் தம் பாடலைத் தேர்தல் விளம்பரத்தில் எடுத்தாண்ட குடியரசுக் கட்சியின் மீது ஜாக்சன் பிரவுன் வழக்குத் தொடுத்தார். 2009-ல் கட்சி மன்னிப்புக் கேட்டது. நியூசிலாந்தில் 2014 தேர்தலில் எமினெமின் பாடலைப் போலவே ஓர் இசையைச் செய்து விளம்பரத்தில் சேர்த்த தேசியக் கட்சிக்கு, 2017-ல் நீதிமன்றம் 6 இலட்சம் நியூசிலாந்து டாலர் இழப்பீடு விதித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அது 2 இலட்சத்து 25 ஆயிரமாகக் குறைந்தது. தொகைதான் குறைந்தது, குற்றம் நின்றது.

"இசை கூடுமா கூடாதா என்பதே விவாதமாயிருக்க, பாடகர் உரிமை நமக்கெதற்கு?" என்று சில பெரியவர்கள் வினவக்கூடும். இசையைப் பற்றி எவர் எக்கருத்து உடையவராயினும், பிறர் பொருளைத் தகாத வழியில் உண்பதைத் திருமறை விலக்கியிருப்பதில் கருத்து வேற்றுமை இல்லை. பொய்ச்சாட்சியைப் பெரும்பாவங்களின் வரிசையில் வைத்து எச்சரித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். தாமாக வந்து சாட்சி சொல்வது வேறு. பிடித்திழுத்து வந்து வாய்பேச வைப்பது வேறு.

இந்த வேற்றுமையை அறிய நாம் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்கள் திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் தாமே விரும்பிப் பாடினார்கள். அதை விரும்பியவரும் உண்டு, விரும்பாதவரும் உண்டு. எனினும் அக்குரல் யாருக்காக எழுந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. கொடுத்தவர் அறிந்து கொடுத்தார். அவரே இறைவனை வேண்டிப் பாடிய ஒரு பாடலை, 2015-ல் அவர் மறைந்த பின்னர், ஏதோவொரு வேட்பாளரின் வண்டி நம் தெருவில் ஒலித்துக்கொண்டு வருமானால் அது எப்படி நியாயமாகும்? அந்தத் துஆவை ஓட்டுச்சீட்டாக மாற்ற யார் அனுமதித்தது?

தொழிலாளி ஒருவன் கூட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு பாட்டை முணுமுணுப்பதை எவரும் தடுக்கவில்லை. பாடலை விமர்சிக்கவும் நையாண்டி செய்யவும் மக்களுக்கு உரிமை உண்டு. நாம் கேட்பது ஒன்றே: தலைவர் மேடையேறும்போது ஒரு குரல் முழங்க வேண்டுமானால், முதலில் அக்குரலுக்குரியவரைக் கேளுங்கள். அவர் மறுத்தால் மௌனமாக மேடையேறுங்கள். ஒரு பாடகரின் அமானிதத்தையே காக்கத் தெரியாதவரிடம் ஒரு நாட்டின் அமானிதத்தை எப்படி ஒப்படைப்பது? வாக்குக் கேட்டு வருகிறவரிடம் வாக்காளர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.