வறுமை சிந்தனையையும் வாட்டும்

'கையில் வந்த காசைச் சேமிக்கத் தெரியவில்லை. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குகிறார்' என்று ஏழைகளைப் பற்றி நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வைக்கும் நூல் ஒன்று உண்டு. பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் உளவியல் அறிஞர் எல்டார் ஷாஃபிரும் எழுதி 2013இல் வெளியான 'ஸ்கேர்சிட்டி' அது. பற்றாக்குறை என்பது அத்தலைப்பின் பொருள்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு அதில் இடம்பெற்றுள்ளது. அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும், பணம் வந்த பின்னரும் அவர்களின் சிந்தனைத் திறன் சோதிக்கப்பட்டது. பணம் வந்த பின் அதே மனிதர்கள் மேலும் தெளிவாகச் சிந்தித்தார்கள். குறை அவர்களின் அறிவில் இல்லை. கவலைதான் அறிவை அழுத்திக்கொண்டிருந்தது.

கடன் சுமையிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேட நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் தருமாறு திருக்குர்ஆன் (2:280) பணிக்கிறது. இது மார்க்க நூலன்று. ஆயினும் அக்கட்டளைகளின் அருமையை உணரத் துணைபுரிகிறது.

ரமளானில் வாரி வழங்கும் நாம், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் கையை விரிக்கிறோம். ஸதகாவுக்குக் காலக்கெடு இல்லை. நிஸாப் உடையவர் ஜகாத்தை முற்கூட்டியே வழங்கவும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இடமுண்டு. எனவே நெருக்கடி வரும் காலமறிந்து கொடுப்போம். உதவி நாடி வருபவரை ஆவணங்களுக்காக அலைக்கழிக்காதிருப்போம்.

ஆங்கிலம் அறிந்த இளைஞர்கள் இந்நூலைப் படித்து ஜமாஅத் நிர்வாகிகளுக்கு எடுத்துரைக்க வேண்டும். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!