கூடாரத்துக்குள் கேட்கும் காடு

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் இரண்டு கட்சிகள் முளைத்துவிடும். காட்டுக்குப் போகலாம், ஆற்றோரம் கூடாரம் போடலாம் என்பது பிள்ளைகள் கட்சி. "இந்த மழையிலயா? காய்ச்சல் வந்தா யாரு பார்க்கிறது?" என்பது பாட்டிகள் கட்சி. நடுவில் இருக்கும் நமக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பது போலவே தெரியும்.

ஆண்டு இறுதியில் வடகிழக்குப் பருவமழை. கிழக்குக் கரைத் தீவுகளில் தங்கும் விடுதிகள் பல மூடிவிடும். கேமரன் மலைக்குப் போனால் பாதி நாள் சாலை நெரிசலிலேயே கழியும். அதனால்தான் பலருக்கும் காடும் ஆறும் ஞாபகத்துக்கு வருகின்றன. மழையில் போனால் விலங்குகளைப் பார்க்க முடியுமா என்று நேயர்கள் கேட்பார்கள். பார்ப்பது குறைவு, கேட்பது அதிகம் என்பதுதான் என் பதில். வானொலிக்காரர் வேறு என்ன சொல்வார் என்று நினைக்காதீர்கள். நம் மழைக்காடு ஆப்பிரிக்கப் புல்வெளி இல்லை. பத்தடிக்கு அப்பால் இலைச் சுவர். நம் நாட்டுச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் புலியே இப்போது காட்டில் 150-க்கும் குறைவு. அதைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டி அழைத்துப்போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் காது திறந்திருந்தால் கதை வேறு. மாலை ஆறு மணி வாக்கில் சில்வண்டுகள் தொடங்கும். சிலது ரம்பம் அறுப்பது போல, சிலது பழைய வானொலியில் அலைவரிசை தேடும்போது வரும் சத்தம் போல. இருட்டி, மழை விட்டதும் தவளைகளின் முறை. கொம்புத் தவளை என்று ஒன்று உண்டு. காய்ந்த இலையைப் போலவே நிறம், கண்ணுக்கு மேலே இரண்டு முனை. காலடியில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. திடீரென்று ஒரே ஒரு முறை, கார் ஹாரன் அடித்தது போல 'பாங்' என்று கத்தும். கூடாரத்துக்குள் பாதித் தூக்கத்தில் இருந்த என் அத்தை, "யாருடா இந்நேரத்துல ரிவர்ஸ் எடுக்கிறது?" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் இருவாச்சி. நம் தேசியப் பறவை. அது பறந்து போகும்போது இறக்கைச் சத்தம் மூச்சிரைக்கும் இரயில் எஞ்சின் போலக் கேட்கும். சத்தம் வந்த பிறகு தலையைத் தூக்கினால்கூடப் பறவையைப் பிடித்துவிடலாம், அவ்வளவு நேரம் கொடுக்கும். ஃபிரேசர் மலைப் பக்கம் போனால் சியாமாங். கறுப்புக் குரங்கு, வால் கிடையாது. கழுத்துப் பை தலை அளவுக்கு உப்ப, ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். மழை கொட்டும் காலையில் பெரும்பாலும் வாயைத் திறக்காது. வெயில் எட்டிப் பார்க்கட்டும் என்று காத்திருக்கும். நாமும் காத்திருக்கலாம், மைலோ கலக்கிக்கொண்டு.

கண்ணுக்கு வேலையே இல்லை என்றும் சொல்ல முடியாது. மழை பாதையை மிருதுவாக்கிவிடுவதால் இரவில் யார் வந்து போனார்கள் என்பது காலையில் சேற்றில் எழுதியிருக்கும். தாமான் நெகாராவில் குவாலா தஹான் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள்: தாப்பிரின் காலடியைத் தேடச் சொல்லுங்கள். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. இரண்டும் அருகருகே பதிந்திருந்தால் அடையாளம் தப்பாது. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பெரிய உடம்பைப் பார்க்காவிட்டாலும், நேற்று இரவு அது இதே வழியில் நடந்தது என்று தெரிவதே பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். குட்டிக்குத் தர்பூசணி மாதிரி கோடும் புள்ளியும் இருக்கும் என்று சொல்லிப் பாருங்கள், அன்று முழுக்க அதே பேச்சுதான்.

அதே காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் பாத்தேக் பூர்வகுடி மக்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. விலங்குகளைக் கேலி செய்து சிரிக்கக் கூடாது. சிரித்தால் இடிக்குரிய தெய்வம் கோபித்துப் புயலையும் வெள்ளத்தையும் அனுப்பும் என்பது அவர்கள் நம்பிக்கை. அட்டையைப் பார்த்து அலறிச் சிரிக்கும் நம் கூட்டம் அங்கே எத்தனை மழைக்குக் காரணமோ! அட்டைக்கு நெருப்பு வேண்டாம், நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விட்டுவிடும். கொஞ்ச நேரம் இரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது வேறு.

போன ஆண்டு சிலாங்கூரில் ஓர் ஆற்றங்கரை. மாமா கூடாரத்தைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே விரித்துவிட்டார். "இங்க போட்டாத்தான் காத்து வரும்லா." அந்த ஊர் மலாய்ப் பெரியவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஆற்றின் மேல்பக்கம் கையைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். அவர் காட்டிய மலை உச்சி மட்டும் மை பூசியது போல இருந்தது. மாமா முணுமுணுத்துக்கொண்டே முப்பது நாற்பது அடி மேலே தூக்கிப் போட்டார். நான்கரை மணி இருக்கும். முதலில் தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறியது. பிறகு இலையும் சுள்ளியும் மிதந்து வந்தன. அப்புறம் தூரத்தில் லோரி ஏற்றம் ஏறுவது போல ஓர் உறுமல். பிள்ளைகள் மத்தியானம் உட்கார்ந்து கால் நனைத்த பாறை சில நிமிடங்களில் காணவில்லை. எங்கள் இடத்தில் ஒரு துளி மழை இல்லை.

இதைத்தான் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். மேலே பெய்த மழை, அடைத்துக்கொண்டிருந்த மரம் மட்டையோடு ஒரே மூச்சில் இறங்குவது. 2021 ஆகஸ்டில் கெடா, குனோங் ஜெராய் அடிவாரத்தில் இது உயிர்களைக் கொண்டுபோனது. ஆகஸ்ட் மழை மாதம் இல்லையே என்று யாரும் சொல்லலாம். ஆற்றுக்கு நாள்காட்டி தெரியாது.

ஆற்றைவிட்டு ஏறிவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2022 டிசம்பர் 16, பத்தாங்காலி. கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது அதிகாலை இருட்டில் மலைச்சரிவு இறங்கியது. 31 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. விடுமுறைக்கு வந்த குடும்பங்கள், நம்மைப் போல. பல நாள்கள் தொடர்ந்து பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழைதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. சரிவு தண்ணீரைப் போல முன்கூட்டி நிறம் மாறிக் காட்டாது.

ஆகவே என் ஓட்டு இப்படி: மழையா வெயிலா என்பதில் பிள்ளைகள் கட்சி, இடம் எது என்பதில் பாட்டிகள் கட்சி. பதிவு செய்யும்போது குளியலறை சுத்தமா, 'வைஃபை' உண்டா என்று கேட்கிறோம். முகாம் நடத்த உரிமம் இருக்கிறதா, பின்னால் சரிவு இருக்கிறதா, ஆறு ஏறினால் வெளியேற வேறு வழி உண்டா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். கிளம்புவதற்கு முன் வானிலைத் துறையின் 'மைகுவாச்சா' செயலியில் நம் முகாமை மட்டும் பார்க்காமல் ஆறு பிறக்கும் மலைப் பக்கத்தையும் பாருங்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைப்பேசிக்குக் கோடு வராது. அங்கே எச்சரிக்கை வர வேண்டியது காது வழியாகத்தான். அதனால் ஆற்றோரத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பாட்டுப் போடுவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பாட்டை நாங்கள் போட்டுக்கொள்கிறோம், நீங்கள் வீடு திரும்பிய பிறகு!

ஆற்றில் குளித்து வந்த இரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், மருத்துவரிடம் ஆற்றுக்குப் போன விவரத்தைச் சொல்லிவிடுங்கள். எலிச் சிறுநீர் கிருமியால் வரும் காய்ச்சல், சொல்லாவிட்டால் டெங்கியோ என்று நாள் போய்விடும். இதில் பாட்டி சொன்னதும் சரிதான்.

திரும்பும்போது இரவாகிவிட்டால் ஜெராந்துட் போன்ற காட்டோரச் சாலைகளில் வேகத்தைக் குறையுங்கள். தாப்பிர்கள் கார் மோதிச் சாவது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிறது. கறுப்பு உடம்பு தார்ச்சாலையில் தெரியாது, நடுவில் உள்ள வெள்ளை மட்டும்தான் விளக்கில் மின்னும்.

குவாலா தஹானில் 'பும்புன்' எனப்படும் கண்காணிப்புக் குடில்களில் இரவு தங்க நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிஸ்கட்டை இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். அங்கே நீங்கள் கட்டாயம் பார்க்கப்போகும் வனவிலங்கு எலிதான்.