பீலிக்கு மேலே எண்ணெய்

இலங்கை மலைநாட்டில் எண்ணெய்க் கிணறும் இல்லை, எண்ணெய்க் குழாயும் இல்லை. ஆனாலும் எண்ணெய் நம் தலைக்கு மேலேதான் போய்வருகிறது. கொட்டகலைக் களஞ்சியத்துக்கு ரயிலில் வருகிறது. பவுசர்கள் அதை ஏற்றிக்கொண்டு வளைவுக்கு வளைவு திரும்பித் தோட்டத்து ஜெனரேட்டர் வரைக்கும் கொண்டுபோகின்றன. ரோட்டுக்குக் கீழே தேயிலை, தேயிலைக்கு நடுவே கான், கானுக்குக் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம், லயத்துக்குப் பக்கத்தில் நாம் தண்ணீர் பிடிக்கும் பீலி. மழை நாளில் ஒரு பவுசர் கவிழ்ந்தால் டீசலுக்கு வழி காட்ட யாரும் தேவையில்லை. மண் கரையாமல் தண்ணீரை இறக்கிவிடத்தான் அந்தக் கானை வெட்டி வைத்திருக்கிறோம். எண்ணெயையும் அது அப்படியே இறக்கிவிடும்.

தரையில் சிந்திய எண்ணெய் என்ன செய்யும் என்பதற்குச் சுன்னாகத்தை விடப் பெரிய சாட்சி நம் நாட்டில் இல்லை. அங்கே மின் நிலைய வளாகத்திலிருந்து கழிவு எண்ணெய் மண்ணுக்குள் இறங்கியது. யாழ்ப்பாணத்தின் அடிநிலம் சுண்ணாம்புக் கல். வெடிப்பு வழியே எண்ணெய் நிலத்தடி நீரைத் தொட்டது, அங்கிருந்து வீட்டுக் கிணறுகளுக்குள் வந்தது. அதை முதலில் கண்டவர்கள் வாளியில் தண்ணீர் அள்ளிய மக்கள்தான். வீதிக்கு வந்து போராடினார்கள், 2015இல் வழக்கும் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், அங்கே மின் நிலையம் நடத்திய நொதர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. அது வரும்வரை அந்த வீடுகள் எத்தனை ஆண்டு பவுசர் தண்ணீரை எதிர்பார்த்து நின்றன என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

நிலத்துக்குள் போன எண்ணெயை முழுதாக எடுக்கவே முடியாது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துப் பெமிஜி ஊரருகே 1979இல் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்துச் சுமார் 17 லட்சம் லீற்றர் கொட்டியது. பம்பு வைத்து உறிஞ்சினார்கள், மண்ணை அள்ளினார்கள், எரித்தும் பார்த்தார்கள். அப்படியும் ஏறக்குறைய நான்கு லட்சம் லீற்றர் உள்ளேயே தங்கிவிட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரைக்கின்றன என்பதை விஞ்ஞானிகள் அங்கேதான் விரிவாக ஆராய்ந்தார்கள். ஆனால் நாற்பது ஆண்டு தின்றும் அது தீரவில்லை.

ஆகவே எண்ணெய் மண்ணுக்குள் இறங்குவதற்கு முந்திய நேரம்தான் நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்கள் யார்? ஊர் மக்கள்தான். தமிழ்நாட்டில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30ஆம் தேதி ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் வயலில் பரவியது. கலெக்டர் நேரில் வரட்டும் என்று ஊர் கேட்டது. தடியடிதான் கிடைத்தது, சிலர் சிறைக்கும் போனார்கள். எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் பாயும் என்று அறிந்தவர்களை அடித்து விரட்டிவிட்டு யாரை வைத்து எண்ணெயை மறிப்பது?

நம் தோட்டங்களிலும் எந்தக் கான் எந்தப் பீலிக்கு மேலே முடிகிறது என்பது கான் வெட்டிய தொழிலாளிக்குத்தான் தெரியும். டீசலோ உலை எண்ணெயோ கொட்டினால் அவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கானை மண்மூட்டையால் மறித்து, அடியில் ஒரு குழாயைச் சாய்த்து வைக்க வேண்டும். மேட்டுப் பக்கத்து வாய் தாழ்ந்தும் பள்ளத்துப் பக்கத்து வாய் உயர்ந்தும் இருக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும், அடித்தண்ணீர் மட்டும் கடந்துபோகும். தேங்கிய எண்ணெயை அள்ளிப் பீப்பாயில் சேர்க்கலாம். நனைந்த மண்ணை அடுத்த மழைக்கு முன் வெட்டியெடுத்துத் தார்ப்பாய் விரித்துக் குவித்து மூட வேண்டும். சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவவே கூடாது. எண்ணெய் துளித்துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும், பிறகு எந்த மறிப்பிலும் நிற்காது. பெற்றோல் என்றால் கதை வேறு. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அதன் ஆவி பள்ளத்தில் படிந்து கிடக்கும், ஒரு பொறி போதும். பிள்ளைகளோடு காற்று வரும் பக்கமாக மேலே ஏறி விலகி நில்லுங்கள்.

2015 ஆகஸ்டில் களனி ஆற்றில் ஓர் ஆலையின் டீசல் கலந்தபோது கொழும்புக்கான குடிநீரை அம்பத்தளையில் எடுப்பது நிறுத்தப்பட்டது, நாடே அதைப் பேசியது. அந்தக் களனிக்கு மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்து ஓடைகள்தான் தலை. கொட்டகலை, தலவாக்கலைத் தண்ணீர் மகாவலிக்குப் போகிறது. கொழும்புக்குக் குடிநீர் அனுப்பும் மலையில் லயத்துப் பீலியைக் காக்க ஓர் ஏற்பாடாவது இருக்க வேண்டாமா?

தோட்ட நிர்வாகங்களிடமும் பிரதேச சபைகளிடமும் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ரோட்டோரத்துக் கான்களும் பீலிகளும் குறித்த வரைபடம் ஒன்று ஆபீஸ் சுவரில் தொங்கட்டும். தொழிற்சாலையில் மண்மூட்டையும் குழாயும் தார்ப்பாயும் கையுறையும் ஒதுக்கி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைத் தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் எழுதிப் போடுங்கள். எண்ணெய் கொட்டிய அன்று எந்தப் பீலியில் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று லயம் லயமாகப் போய்ச் சொல்ல இருவரை இப்போதே நியமியுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் இதை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். அந்த ஒத்திகைக்குப் போகிறவர்களுக்கு அன்றைய நாள்பேரை, அதாவது நாட்சம்பளத்தை, வெட்டக் கூடாது.