பெயின்ட் பூசினால் தாங்கி பலமாகுமா?



எமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில், கடந்த மழைக்காலத்தில் ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த டீசல் தாங்கியின் மேல் பெரிய மரமொன்று சாய்ந்தது. பத்தாயிரம் லீட்டர் பிடிக்கும் தாங்கி அது. பக்கத்தகடு நசுங்கியது. தாங்கி நிற்கும் இரும்புக் கால்களில் ஒன்று வளைந்தது. வெல்டிங் ஒட்டு வழியே டீசல் கசிந்தது.

நிர்வாகம் என்ன செய்தது? கசிந்த இடத்தில் பசையை அப்பி, மேலே பெயின்ட் பூசி, "சரியாகிவிட்டது, நிரப்புங்கள்" என்றது. மறுத்த தொழிலாளர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தது.

நாம் விளக்கம் கேட்கிறோம். சரியாகிவிட்டது என்று சொன்னவர் யார்? எதை அளந்து பார்த்துச் சொன்னார்? எந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்தார்?

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1915இல் ஒரு கம்பனி சீனிப்பாகுத் தாங்கி கட்டியது. முழுதாகத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவே இல்லை. தாங்கி தொடர்ந்து கசிந்தது. கசிவு தெரியாதிருக்க, பாகின் நிறத்திலேயே பெயின்ட் பூசினார்கள். 1919 ஜனவரி 15ஆம் திகதி அது வெடித்துச் சிதறியது. 21 பேர் செத்தார்கள், சுமார் 150 பேர் காயப்பட்டார்கள். யாரோ குண்டு வைத்தார்கள் என்று கம்பனி சாதித்தது. பல வருட விசாரணைக்குப் பிறகு கம்பனியே பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. நூறு வருடம் கடந்தும் அதே பெயின்ட் வாளியோடுதான் நமது நிர்வாகங்கள் வருகின்றன.

அடிபட்ட தாங்கியைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்ல முடியாது. தகட்டின் கனத்தைக் கருவியால் அளக்க வேண்டும். துரு பெரும்பாலும் அடித்தட்டில், நமக்குத் தெரியாத பக்கத்தில்தான் அரிக்கும். நசுங்கிய இடத்திலும் ஒட்டுகளிலும் மயிரளவு வெடிப்பு உண்டா என்று சோதிக்க வேண்டும். வளைந்த காலை மாற்ற வேண்டும். பத்தாயிரம் லீட்டர் டீசல் என்பது எட்டு தொன்னுக்கும் மேற்பட்ட பாரம். கடைசியாக, டீசலுக்கு முன் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, கசிகிறதா, சாய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் எச்சரிக்கிறோம். வெறும் தாங்கி ஆபத்தில்லாத தாங்கி அல்ல. உள்ளே தங்கிய ஆவியை முழுதாக வெளியேற்றாமல் வெல்டிங் பிடித்தால் வெடிக்கும். "உள்ளே இறங்கிப் பார்" என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு இறப்பர் தொழிற்சாலைத் தாங்கிக்குள் விழுந்தவரோடு, காப்பாற்றப் போனவர்களுமாக ஐந்து உயிர்கள் போயின.

ஜெனரேட்டர் நின்றால் கொழுந்து பழுதாகும், உங்களுக்குத்தான் நட்டம் என்கிறார்கள். நல்ல பீப்பாய்களில் டீசல் வைத்து அதை ஓட்டலாமே! தாங்கிக்குக் கீழே ஓடும் ஓடையிலிருந்துதான் லயத்துப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்கும் சேர்த்துத்தான். ஆகவே நாம் கோருவது:

1. தகுதியுள்ள பொறியியலாளர் எழுத்தில் அறிக்கை தரும்வரை தாங்கியை நிரப்பக்கூடாது.

2. அந்த அறிக்கையைத் தமிழில் ஸ்டோர் வாசலில் ஒட்ட வேண்டும். தோட்டத் தலைவருக்கும் ஒரு பிரதி தர வேண்டும்.

3. விளக்கக் கடிதங்களை உடனே வாபஸ் வாங்க வேண்டும்.

தலைவர்மாரே, உங்கள் தோட்டத்திலும் கசியும் தாங்கி, சாய்ந்த தாங்கி இருந்தால் திகதியோடு எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். நிர்வாகம் அசையாவிட்டால், அந்தப் பிரதியோடு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். தொழில் திணைக்களத்துக்குச் சேர்ந்தே போவோம்.