ஸ்ரீரங்கத்தில்: ‘இன்’னா, ‘ஆன்’னா, ‘அட்’டா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். ‘ஸ்ரீரங்கத்தில்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்? ‘இன் ஸ்ரீரங்கம்’, ‘அட் ஸ்ரீரங்கம்’, ‘ஆன் ஸ்ரீரங்கம் ஐலண்ட்’... இந்த மூன்றில் எது சரி?

மூன்றுமே சரிதான்! எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம். போன வாரம் டென்ஸ் பார்த்தோம். இந்த வாரம் நம்மில் பலரைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தி வைக்கும் குட்டி வார்த்தைகளான ப்ரிபொசிஷன்களைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம். தமிழில் பெயர் முன்னால் வரும். உருபு அதன் வாலில் ஒட்டும். வீடு + இல் = வீட்டில். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும்: ‘இன் தி ஹவுஸ்’. நன்னூல் ஏழாம் வேற்றுமைக்கு மட்டும் 28 உருபுகளைச் சொல்கிறது. கண், மேல், கீழ், உள், இடை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் நாம் என்ன செய்கிறோம்? வீட்டுல, பஸ்ல, டேபிள்ல, ஸ்டேஷன்ல... எல்லாவற்றுக்கும் ஒரே ‘ல’! ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ஒரு ‘ல’வுக்கு எதிரே மூன்று கதவுகள் நிற்கின்றன. தடுமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிரமம் நமக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப் பணி செய்தவர். பேச்சுத் தமிழுக்கு லத்தீன் மொழியில் 1728-ல் ஓர் இலக்கணம் எழுதினார். முன்னால் வைத்துப் பழகியவர்களுக்குப் பின்னால் ஒட்டுவதைப் புரியவைக்க ஒரு புத்தகம் தேவைப்பட்டிருக்கிறது. நாம் அதே பாதையில் எதிர்த்திசையில் போகிறோம், அவ்வளவுதான்.

இடம்: உள்ளே, மேலே, புள்ளி

‘இன்’ என்றால் ஓர் எல்லைக்குள். ஊர் என்பது எல்லை உள்ள இடம். ‘ஐ லிவ் இன் ஸ்ரீரங்கம்’ - நான் ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறேன்.

‘ஆன்’ என்றால் ஒரு பரப்பின் மேல் அல்லது ஒரு கோட்டை ஒட்டி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் தீவு ஸ்ரீரங்கம். தீவு ஒரு பரப்பு. அதனால் ‘தி டெம்பிள் இஸ் ஆன் அன் ஐலண்ட்’. ஆற்றின் கரை ஒரு கோடு. அதனால் அம்மா மண்டபம் இருப்பது ‘ஆன் தி பேங்க் ஆஃப் தி காவேரி’. இதையே ‘இன் தி காவேரி’ என்று சொன்னால் மண்டபம் தண்ணீருக்குள் போய்விடும்!

‘அட்’ என்றால் ஒரு புள்ளி. சென்னை போகும் ரயில் பாதையில் ஸ்ரீரங்கம் ஒரு நிறுத்தம். ‘திஸ் ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் ஸ்ரீரங்கம்’. இங்கே ஊர் பெரிதாகத் தெரியவில்லை. பாதையில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது.

நினைவில் வைக்க மலைக்கோட்டை உதவும். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர்: ‘அட் தி ஃபுட் ஆஃப் தி ராக்’. உச்சியில் பிள்ளையார்: ‘ஆன் டாப் ஆஃப் தி ராக்’. கருவறைக்குள் சுவாமி: ‘இன் தி சாங்ட்டம்’. அடுத்த முறை படியேறும்போது மனசுக்குள் சொல்லிப் பாருங்கள்.

வண்டிகளுக்கு ஒரு சின்னச் சூத்திரம். எழுந்து நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், விமானம் என்றால் ‘ஆன்’. குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிகிற கார், ஆட்டோ என்றால் ‘இன்’. ‘ஐயம் ஆன் தி பஸ்’, ‘ஐயம் இன் தி ஆட்டோ’.

ஒரு ‘க்கு’, இரண்டு வேலை

‘வேலைக்கு அப்ளை பண்ணினேன்’, ‘கம்பெனிக்கு அப்ளை பண்ணினேன்’. தமிழில் இரண்டுக்கும் ‘க்கு’தான். ஆங்கிலத்தில் போய்ச் சேரும் இடத்துக்கு ‘டு’. நோக்கத்துக்கும் பயனுக்கும் ‘ஃபார்’. ஆகவே விண்ணப்பம் போய்ச் சேருவது ‘டு பிஎச்இஎல்’. விண்ணப்பிக்கும் நோக்கம் ‘ஃபார் தி அப்ரன்டிஸ் போஸ்ட்’.

அதேபோல ‘அம்மாவுக்குப் புடவை அனுப்பினேன்’ என்றால் புடவை அம்மாவிடம் போகிறது: ‘டு மை மதர்’. ‘அம்மாவுக்குப் புடவை வாங்கினேன்’ என்றால் பயன் அம்மாவுக்கு: ‘ஃபார் மை மதர்’.

நேரம்: தமிழே கைகொடுக்கும்

இடம் சொல்லும்போது ஒரே ‘ல’ நம்மைக் குழப்பியது. நேரம் சொல்லும்போது நிலைமை வேறு. ‘மார்கழியில், வைகுண்ட ஏகாதசி அன்று, நாலு மணிக்கு’ என்கிறோம். தமிழிலேயே மூன்று விதம்! ஆங்கிலத்திலும் அதே மூன்றுதான்: ‘இன் மார்கழி’, ‘ஆன் வைகுண்ட ஏகாதசி’, ‘அட் ஃபோர் ஓ க்ளாக்’. மாதம், வருடம் என்றால் ‘இன்’. ‘அன்று’ என்று சொல்ல முடிந்தால் ‘ஆன்’. மணி என்றால் ‘அட்’.

அடுத்தது ‘சின்ஸ் டூ டேஸ்’. நம் ஊரில் நிறையப் பேர் சொல்லும் தவறு இது. தமிழில் என்ன சொல்கிறோம் என்று கவனியுங்கள். ‘ரெண்டு நாளா காய்ச்சல்’ - இது எவ்வளவு காலம் என்ற அளவு. அதற்கு ‘ஃபார் டூ டேஸ்’. ‘திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்’ - இது தொடங்கிய புள்ளி. அதற்கு ‘சின்ஸ் மண்டே’. ‘ஆ’ வந்தால் ‘ஃபார்’, ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’.

இப்போது மிக முக்கியமான ஜோடி: ‘பை’, ‘டில்’. ‘பத்தாம் தேதிக்குள்’ என்றால் ‘பை தி டென்த்’. ‘பத்தாம் தேதி வரை’ என்றால் ‘டில் தி டென்த்’. வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், வீட்டுக்காரருக்கு ‘ஐ வில் பே தி ரென்ட் டில் தி டென்த்’ என்று செய்தி அனுப்புகிறாள் என்று வையுங்கள். பத்தாம் தேதிக்குள் தந்துவிடுகிறேன் என்பது அவள் மனதில் இருப்பது. படிப்பவருக்குப் புரிவதோ, பத்தாம் தேதி வரைக்கும்தான் வாடகை தருவாள் என்பது. காலி செய்கிறாள் போலிருக்கிறது என்று அவர் வேறு ஆள் பார்க்கத் தொடங்கினால் யாரைக் குறை சொல்வது? ஒரே ஒரு குட்டி வார்த்தை!

அரசு அறிவிப்புகளில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று பார்த்திருப்பீர்கள். அந்தத் தேதியும் சேர்த்தி என்று அர்த்தம். வெறும் ‘பிஃபோர்’ என்று இருந்தால் அதற்கு முந்தைய நாளே கணக்கு முடிந்துவிடும்.

டாக்டர் ‘கம் பேக் இன் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாள் கழித்து வரச் சொல்கிறார். ‘விதின் டூ டேஸ்’ என்றால் இரண்டு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். சந்தேகமாக இருந்தால் தயங்காமல் எந்தக் கிழமை என்று கேட்டுவிடுங்கள்.

தமிழ் கேட்கும், ஆங்கிலம் கேட்காது

‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று தமிழ் ‘பற்றி’யைக் கேட்கிறது. ஆனால் ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் ‘பற்றி’ இருக்கிறது. ‘வீ டிஸ்கஸ்ட் தி ப்ராப்ளம்’ போதும், ‘அபௌட்’ வேண்டாம். ‘ஐ ரீச்ட் திருச்சி’ - ‘டு’ வேண்டாம். ‘ஹி மேரீட் ஹெர்’ - ‘வித்’ வேண்டாம். ஆனால் திருமணமாகி இருக்கிறார் என்று சொல்லும்போது ‘மேரீட் டு’. இதற்கெல்லாம் காரணம் தேடாதீர்கள். ‘குட் அட்’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’, ‘டிபெண்ட் ஆன்’ போன்றவற்றையும் ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும்?

எல்லாத் தவறும் ஒரே எடை இல்லை. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று சொன்னால் கேட்பவருக்கு அர்த்தம் புரியும், யாருக்கும் நஷ்டமில்லை. நேரம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ‘பை’க்குப் பதில் ‘டில்’, ‘இன்’னுக்குப் பதில் ‘விதின்’ என்றால் தேதி மாறும், மருந்து மாறும், பணம் மாறும். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

இன்டர்வியூவில் பதில் தெரிந்தும், ‘இன்’னா ‘அட்’டா என்ற யோசனையில் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தப்பான ‘அட்’டோடு சொன்ன நல்ல பதில், சொல்லாமல் விட்ட சரியான பதிலைவிட எத்தனையோ மேல். பேசும்போது தயங்காதீர்கள். எழுதும்போது ஒரு முறை திரும்பப் படியுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். வீட்டில் ஒருவர் கேட்க, ஒருவர் சொல்லலாம்.

1. ஷி ஹாஸ் வொர்க்ட் ஹியர் ____ த்ரீ இயர்ஸ்.
2. ஐ வில் மீட் யூ ____ தி பஸ் ஸ்டாப்.
3. தி பாய் இஸ் ஸ்லீப்பிங் ____ தி ஃப்ளோர்.
4. யூ மஸ்ட் ரிட்டர்ன் தி புக் ____ மண்டே. குறிப்பு: திங்கட்கிழமைக்குள்.
5. வீ டிஸ்கஸ்ட் ____ தி வெட்டிங்.

விடைகள்: 1. ஃபார். 2. அட். 3. ஆன். 4. பை. 5. எதுவுமே வேண்டாம்!

ஐந்தாவதில் ‘அபௌட்’ என்று எழுதியவர்கள் மேலே போய் ஒரு முறை படித்துவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் ‘எ’, ‘அன்’, ‘தி’ மூவரையும் சந்திப்போம்.