நாலு நொடியும் ஐந்து நிமிடமும்

நீரோட்டத்தையும் ஹைட்ராலிக் அமைப்புகளையும் கணினியில் ஓட்டிப் பார்க்க, ஓட்டத்தைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிடும் முப்பரிமாண சி.எஃப்.டி. ஒன்றே போதும், லம்ப்டு மாடல்களைப் பாடத்திட்டத்திலிருந்தே தூக்கிவிட வேண்டும் என்று வாதிடும் கட்டுரையைப் படித்தேன். ஒரு குழாய் முழுவதையும் ஒரு நிறை, ஒரு தடை என்றும், ஒரு தொட்டி முழுவதையும் ஒரே மட்டம் என்றும் சுருக்குவது ஸ்லைடு ரூல் காலத்துச் சோம்பேறித்தனம் என்கிறார் கட்டுரையாளர். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஓரிடத்தில்கூட இரண்டு நேர அளவுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அந்த ஒப்பீட்டைச் செய்யாதவருக்கு எந்த மாடல் செல்லும், எது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி கிடையாது.

அவர் எடுத்த உதாரணம் நீர்மின் நிலையம். அங்கேயே பார்ப்போம். அணையிலிருந்து 5 கிலோமீட்டர் சுரங்கம், குறுக்குப் பரப்பு 20 சதுர மீட்டர். அதன் கடைசியில் 100 சதுர மீட்டர் பரப்புள்ள சர்ஜ் டேங்க். அதற்குக் கீழே டர்பைனுக்கு நீரை இறக்கும் பென்ஸ்டாக் குழாய், டர்பைன். மின்சுமை திடீரென்று விழுந்தால் டர்பைனின் வாயில் மூடுகிறது. சுரங்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்த ஒரு லட்சம் டன் தண்ணீர் வேறு வழியில்லாமல் சர்ஜ் டேங்கில் ஏறுகிறது, பிறகு இறங்குகிறது. உராய்வை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், ஏறி இறங்கும் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 317 நொடி ஆகும். அழுத்த அலையோ நொடிக்கு 1,200 மீட்டர் வேகத்தில் சுரங்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலு நொடியில் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் அசைவில் நாலு நொடித் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. சுரங்கத்துத் தண்ணீர் மொத்தமும் ஒரே திரளாகத்தான் முன்னும் பின்னும் போகிறது. அதை ஒரே திரளாக எழுதுவதில் சோம்பல் எங்கே வந்தது? சுரங்க நீரின் வேகத்துக்கு ஒரு சமன்பாடு, தொட்டியின் மட்டத்துக்கு இன்னொன்று. அவ்வளவில் விஷயம் அடங்கிவிடுகிறது.

இந்த இரண்டு சமன்பாடுகள் என்ன சாதித்தன என்பதைக் கட்டுரையாளர் படித்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹெய்ம்பாக் மின்நிலையத்தில் சர்ஜ் டேங்கின் மட்டம் அடங்காமல் ஆடியது. டீட்டர் தோமா 1910இல் காரணத்தைக் காட்டினார். மட்டம் இறங்கும்போது, டர்பைனைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மின்திறனைக் குறையாமல் வைத்திருக்க வாயிலை இன்னும் திறக்கிறது. அதனால் மட்டம் மேலும் இறங்குகிறது. தொட்டியின் பரப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைவாக இருந்தால் இந்த ஆட்டம் ஓயாது. அந்தக் குறைந்தபட்சப் பரப்பு சுரங்கத்தின் நீளத்தையும் குறுக்குப் பரப்பையும் உராய்வையும் நீரழுத்த உயரத்தையும் எப்படிச் சார்ந்திருக்கிறது என்று தோமா எழுதிய விதிதான் இன்றைக்கும் வடிவமைப்பின் முதல் படி. சி.எஃப்.டி.யை நூறு முறை ஓட்டினால் இந்தப் பரப்பில் ஆடுகிறது, அந்தப் பரப்பில் அடங்குகிறது என்று நூறு விடை கிடைக்கும். ஏன் என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால் தோமாவிடம்தான் திரும்ப வேண்டும்.

லம்ப்டு மாடல் பொய்க்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. நீண்ட குழாயில் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை வால்வு சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் சுமார் 36 பார் எகிறும். ஒட்டுமொத்த நீரையும் அமுங்காத ஒரே திரளாக எடுத்துக்கொண்டால், மூடும் நேரம் குறையக் குறையக் கணக்கில் அழுத்தம் எல்லையில்லாமல் ஏறிக்கொண்டே போகும். இது தவறு. இதைத் தானே கண்டுபிடித்ததுபோலக் கட்டுரையாளர் எழுதுகிறார். மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் 1897, 98இல் சோதனை செய்து நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி முடித்துவைத்த விவகாரம் இது. அங்கேயும் தீர்வு முப்பரிமாணம் அல்ல. குழாயின் நீளவாக்கில் மட்டும் அலையைத் தொடரும் ஒருபரிமாணக் கணக்கே போதும். பென்ஸ்டாக்குக்கு அலைக் கணக்கு, சுரங்கத்துக்குத் திரள் கணக்கு என்று ஒரே நிலையத்தில் இரண்டையும் பிரித்துப் பயன்படுத்தும் பொறியாளரைத்தான் அவர் சோம்பேறி என்கிறார்.

முழு இயற்பியல் என்று அவர் பெருமையாகச் சொல்லும் கணக்குக்குள் என்ன இருக்கிறது? அந்தச் சுரங்கத்தின் ரெனால்ட்ஸ் எண் ஒன்றரைக் கோடி அளவில் வரும். கொந்தளிப்பை மிச்சமில்லாமல் கணக்கிட 1-க்குப் பின்னால் 16 சுழி போட்ட எண்ணிக்கையில் வலைப்புள்ளிகள் தேவைப்படும். யாரும் அதைச் செய்வதில்லை, அவரும் செய்யவில்லை. அவர் பயன்படுத்தியிருப்பது கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடல். அதில் 0.09, 1.44, 1.92 என்று சோதனைகளுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்த மாறிலிகள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாச் சுழல்களின் விளைவையும் ஒரு சில எண்களில் திரட்டிவிட்டு, மட்டத்தை ஒரு எண்ணில் திரட்டுகிறவரைக் குற்றம் சொல்வது நேர்மையான வாதம் ஆகாது.

ரத்த ஓட்டத்தையும் இழுத்திருக்கிறார். தமனிகளுக்கு ஆட்டோ ஃபிராங்க் 1899இல் கொடுத்த விண்ட்கெஸல் என்ற லம்ப்டு மாடலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பச் சொல்கிறார். பெருந்தமனியை முப்பரிமாணத்தில் கணக்கிடுகிறவர்கள் கோடிக்கணக்கான நுண்நாளங்களை எங்கே வைக்கிறார்கள்? கணக்கிடும் பகுதி முடிகிற ஒவ்வொரு கிளையின் வாயிலும் ஒரு தடை, ஒரு நெகிழ்வு என்று அதே விண்ட்கெஸலைத்தான் பொருத்துகிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டால் அவர் படமாகப் போட்டிருக்கும் வண்ண வண்ண ஓட்டக் கோடுகளுக்கு நம்பத்தக்க எல்லை நிபந்தனை இல்லாமல் போகும்.

இவற்றையெல்லாம் அறியாமை என்று விட்டுவிடலாம். சயானோ-ஷுஷென்ஸ்காயா பற்றிய பத்தியை அப்படி விட முடியாது. ரஷ்யாவின் யெனிசெய் ஆற்றிலுள்ள அந்த நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 அன்று 2ஆம் எண் டர்பைனின் மூடி பெயர்ந்து, தண்ணீர் இயந்திரக் கூடத்துக்குள் பாய்ந்து 75 பேர் இறந்தார்கள். எளிய மாடல்களை நம்பியதன் விலை அது என்று எழுதியிருக்கிறார். விசாரணை சொன்னது வேறு. மூடியைப் பிடித்திருந்த போல்டுகள் நாள்பட்ட அதிர்வில் களைத்து விரிசல் கண்டிருந்தன. அதிர்வு வரம்பைத் தாண்டிய பிறகும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தவிர்க்க வேண்டிய சுமைப் பகுதிக்குள் அது திரும்பத் திரும்பப் போய்வந்தது. போல்டைக் கழற்றிச் சோதித்திருக்க வேண்டும், அளவுமானி காட்டியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். எந்த மாடலின் எந்தச் சமன்பாட்டுக்கும் இதில் பங்கு இல்லை. பராமரிப்பில் நடந்த தவறால் இறந்தவர்களைத் தன் மென்பொருள் விருப்பத்துக்குச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார். அந்தப் பத்தியை அவர் பெயர் போட்டுத் திரும்பப் பெற வேண்டும்.